‘நான் என்ன பாவம் செய்தேன், சிஸ்டர்?’ – பதில் தெரியாத செவிலியருக்கு

கடிதம், சுருக்கமாக

புற்றுநோய்ப் பிரிவில் ஏழு ஆண்டுகளாகப் பணிபுரியும் செவிலியர் ஒருவர் எழுதிய கடிதம் இது. ஆளையும் இடத்தையும் காட்டிக்கொடுக்கக்கூடிய விவரங்களை நீக்கியிருக்கிறேன்.

மூன்று வாரங்களுக்கு முன் ஓர் இரவுப் பணி. மணி இரண்டைத் தாண்டியிருக்கிறது. கணையப் புற்றுநோய் முற்றிய நிலையில் இருந்த ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர், டிரிப்ஸ் மாற்ற வந்த இவருடைய மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, “நான் என்ன பாவம் செய்தேன், சிஸ்டர்? எனக்காகக் கொஞ்சம் பிரார்த்தனை செய்வீர்களா?” என்று கேட்டிருக்கிறார். அவருடைய மதம் வேறு, இவருடைய மதம் வேறு. அதோடு, சில ஆண்டுகளாக இவருக்குக் கடவுள் நம்பிக்கையே ஆட்டம் கண்டிருக்கிறது. “அப்படியெல்லாம் பேசாதீர்கள் சார், எல்லாம் சரியாகிவிடும்” என்று சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார். இரண்டாம் நாள் ஆசிரியர் இறந்துவிட்டார். “அந்தக் கை இன்னும் என் மணிக்கட்டில் இருப்பதுபோல் இருக்கிறது” என்று எழுதுகிறார்.

அதே வார்டில் சக செவிலியர் ஒருவர், நினைவிழந்த நோயாளிகளின் நெற்றியில் கைவைத்து வாய்விட்டுப் பிரார்த்திக்கும் பழக்கம் உடையவர். ஒரு குடும்பம் புகார் கொடுத்துவிட்டது. “மருந்து, ஊசி, சுத்தம், அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். சாமி பேச்சு யாரும் பேசக் கூடாது” என்று கண்காணிப்பாளர் வாய்மொழியாக உத்தரவிட்டிருக்கிறார்.

இப்போது புதிதாக ஒரு சிக்கல். 44 வயதுப் பெண் ஒருவர், எந்த மதத்திலும் நம்பிக்கை இல்லாதவர், கடைசி வாரங்களில் இருக்கிறார். “தங்கை மருந்து மயக்கத்தில் தூங்கும்போது எங்கள் குருவை அழைத்து வருகிறேன், நீங்கள் கண்டுகொள்ளாமல் இருங்கள்” என்று அவருடைய அக்கா கெஞ்சுகிறார். நடுவில் ஒரே ஒரு வரியில், அந்தப் பெண் கேட்டதற்காக அவருடைய கட்டிலை ஜன்னலோரம் நகர்த்திக் கொடுத்ததையும் கடிதம் சொல்லிவிட்டுப் போகிறது.

இவருடைய கேள்விகள் இவை: “இது என் வேலையா? நம்பிக்கை இல்லாத நான் பிரார்த்தித்தால் அது நடிப்பு ஆகாதா? இரவில் 14 பேருக்கு நான் ஒருத்தி, இதற்கெல்லாம் நேரம் ஏது? வேலைக்கு ஆபத்து வருமா?”

பதில்

அன்புத் தங்கைக்கு,

உங்களைவிட வயதிலும் பணியிலும் மூத்தவள் என்ற உரிமையில் அப்படி அழைக்கிறேன். வார்டில் வேலை பார்த்துவிட்டு, பிறகு வலி தணிப்புச் சிகிச்சைப் பிரிவில் நெடுங்காலம் இருந்து, இப்போது இளம் செவிலியருக்குப் பயிற்சி தருகிறேன். ஆகவே நீங்கள் அடுத்த கட்டிலுக்கு நகர்ந்த அந்தக் கணம் எனக்கு அந்நியமானது அல்ல. என் வழி வேறாக இருந்தது. பதில் சொல்ல முடியாத எதையாவது நோயாளி கேட்டால் நான் டிரிப்ஸைப் பார்ப்பேன். ஒரு நிமிடத்துக்கு எத்தனை சொட்டு என்று எண்ணுவேன். எண்ணி முடித்ததை மறுபடியும் எண்ணுவேன். தலையை மேலே தூக்கிக்கொண்டிருந்தால் அவர் முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை அல்லவா? பார்ப்பவர்களுக்கோ, என்ன பொறுப்பான நர்ஸ் என்று தோன்றும்.

ஆகவே உங்களைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்த எனக்குத் தகுதி இல்லை. ஆனால் ‘பரவாயில்லை, விடுங்கள்’ என்று தட்டிக்கொடுக்கவும் மாட்டேன். ஆசிரியரிடம் நீங்கள் சொன்னதும் ஏறக்குறைய அதுதானே? தான் பிழைக்கப்போவதில்லை என்று அறிந்தவரிடம் ‘எல்லாம் சரியாகிவிடும்’ என்பது, பாசத்தில் சொன்னாலும், கதவைச் சாத்துவதுதான்.

உங்கள் கடிதம் முழுக்க ஓர் அனுமானம் ஓடுகிறது. அவர் கேட்டது ஒரு கேள்வி, அதற்கு ஒரு பதில் உண்டு, அந்தப் பதில் உங்களிடம் இல்லை, இருந்திருந்தால் சொல்லியிருப்பீர்கள் என்பது அது. அங்கேதான் நான் மாறுபடுகிறேன். ‘நான் என்ன பாவம் செய்தேன்’ என்று இரவு இரண்டு மணிக்குக் கேட்பவர் பதிலுக்காகக் கேட்பதில்லை. குருமாரும் தத்துவவாதிகளும் காலங்காலமாக மோதிப் பார்த்த கேள்விக்கு, டிரிப்ஸ் மாற்ற வந்த பெண் பதில் சொல்வாள் என்று ஒரு ஆசிரியர் எதிர்பார்த்திருக்க மாட்டார். அந்தக் கேள்வியோடு தனியாகக் கிடக்க முடியவில்லை, அவ்வளவுதான். பக்கத்தில் ஒரு ஆள் வேண்டியிருந்தது.

இது உங்கள் வேலையா?

ஆம். நான் சொல்வதற்காக அல்ல, உங்கள் தொழிலே அப்படிச் சொல்கிறது. சர்வதேசச் செவிலியர் மன்றம் 1953இல் ஏற்று, கடைசியாக 2021இல் திருத்திய நெறிமுறைத் தொகுப்பு, நோயாளியின் விழுமியங்களும் மத, ஆன்மிக நம்பிக்கைகளும் மதிக்கப்படும் சூழலை உருவாக்குவது செவிலியரின் பொறுப்பு என்கிறது. உலக சுகாதார நிறுவனம் 2002இல் வலி தணிப்பு மற்றும் ஆதரவு சிகிச்சைக்குக் கொடுத்த வரையறையில், உடல், மன, சமூகப் பிரச்சினைகளோடு ஆன்மிகப் பிரச்சினைகளையும் கண்டறிந்து கவனிப்பது சேர்ந்தே இருக்கிறது.

இந்தத் துறைக்கே வழி திறந்தவர் உங்களைப்போல் ஒரு செவிலியர்தான். லண்டனில் சிசிலி சாண்டர்ஸ் முதலில் செவிலியர் பயிற்சி பெற்றார். முதுகுப் பிரச்சினையால் அந்த வேலையைத் தொடர முடியாமல் மருத்துவமனைச் சமூகப் பணிக்கு மாறினார். பிறகு படித்து 1957இல் மருத்துவரானார். 1967இல், இறக்கும் தறுவாயில் இருப்பவர்களைப் பராமரிக்கும் செயின்ட் கிறிஸ்டோபர்ஸ் காப்பகத்தைத் திறந்தார். வலி என்பது உடம்பில் மட்டும் இல்லை, மனதிலும் உறவுகளிலும் ஆன்மாவிலும் சேர்ந்தே வலிக்கிறது என்று சொல்லி, அதற்கு ‘முழு வலி’ என்று பெயர் வைத்தவர் அவர். எவ்வளவு மார்பின் கொடுத்தாலும் அடங்காத வலியை நீங்களும் பார்த்திருப்பீர்கள். எல்லாச் சமயமும் மருந்தின் அளவுதான் குறை என்று இல்லை.

ஆன்மிகம் என்றதும் உங்கள் கண்காணிப்பாளர் ‘சாமி பேச்சு’ என்று புரிந்துகொண்டார். நீங்களும் அப்படித்தான் புரிந்துகொண்டிருக்கிறீர்கள். மதம் அதன் ஒரு வடிவம். பலருக்கு மிகப் பெரிய வடிவம். ஆனால் இதற்கெல்லாம் என்ன அர்த்தம், நான் யாராக வாழ்ந்தேன், யாரிடம் கடன்பட்டிருக்கிறேன், நான் போன பிறகு என்ன மிஞ்சும் என்ற கேள்விகள் கடவுளை நம்பாதவருக்கும் வரும். ஜன்னலோரம் கட்டிலை நகர்த்தச் சொன்னாரே அந்தப் பெண், அவர் எதற்காகக் கேட்டார் என்று உங்களுக்குத் தெரியுமா? கடிதத்தில் நீங்கள் சொல்லவில்லை. கேட்டிருக்கவும் மாட்டீர்கள் என்று நினைக்கிறேன். ஆனாலும் நகர்த்தினீர்கள். சக்கரத்தின் பூட்டை விடுவித்து, ஆக்சிஜன் குழாய் இழுபடாமல் பார்த்து, பக்கத்துக் கட்டில்காரரிடம் சமாதானம் சொல்லி நீங்கள் செய்த அந்த வேலைக்கு உங்கள் வார்டில் பெயர் கிடையாது. என் வகுப்பில் அதற்குப் பெயர் ஆன்மிகப் பராமரிப்பு.

முதலில் உடம்பைப் பாருங்கள்

இந்தத் தலைப்பைப் பார்த்து வியக்காதீர்கள். ஆன்மாவைப் பற்றிப் பேச ஆசைப்படும் செவிலியர்கள் செய்யும் பெரிய தவறு இங்கேதான் நடக்கிறது. ஒருமுறை இறக்கும் தறுவாயில் இருந்த முதியவர் ஒருவர் இரவெல்லாம் புரண்டார், போர்வையைப் பிய்த்தார், எழுந்து எங்கேயோ போகப் பார்த்தார். ‘மனதில் ஏதோ பாரம் இருக்கிறது, உயிர் பிரிய மாட்டேன் என்கிறது’ என்றது குடும்பம். நானும் தலையாட்டிக்கொண்டு நின்றேன். பணி மாறி வந்த செவிலியர் அடிவயிற்றில் கைவைத்துப் பார்த்தார், பானைபோல் கெட்டியாக இருந்தது. சிறுநீர்க் குழாய் போட்டதும் ஒரு லிட்டருக்குக் கொஞ்சம் குறைவாக இறங்கியது. முதியவர் தூங்கிவிட்டார். எனக்குத்தான் தூக்கம் வரவில்லை.

ஆகவே அமைதியின்மையைப் பார்த்தால் வலி, சிறுநீர்த் தேக்கம், மலச்சிக்கல், மூச்சுத் திணறல், மருந்தின் பக்கவிளைவு எல்லாவற்றையும் முதலில் பாருங்கள். பகலில் தெளிவாக இருந்து இரவில் குழம்புகிறவர், நேரத்துக்கு நேரம் மாறுகிறவர் என்றால் சித்தக் குழப்பமாக இருக்கலாம், மருத்துவரிடம் சொல்ல வேண்டும். இறந்துபோன அம்மா வந்து பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறாள் என்று ஒருவர் நிம்மதியாகச் சொன்னால் திருத்த வேண்டியதில்லை. மரணத்தை நெருங்குபவர்களிடம் அது அடிக்கடி காணப்படுவது. அந்தக் காட்சி அவரைப் பயமுறுத்துகிறது என்றால் மட்டும் அதற்கு வைத்தியம் வேண்டும்.

‘நான் பாவி’, ‘எனக்கு இது வேண்டும்’ என்ற பேச்சு நாள்முழுக்கத் தொடர்ந்து, எதிலும் பிடிப்பில்லாமல், யாரையும் பார்க்க விரும்பாமல் கிடந்தால் அது மனச்சோர்வு நோயாகவும் இருக்கலாம். ‘உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் வருகிறதா?’ என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைத்துவிடாது. ஆம் என்றால் அன்றைக்கே மருத்துவரிடம் சொல்ல வேண்டும். ‘யாரிடமும் சொல்லாதீர்கள்’ என்று அவர் சத்தியம் கேட்டாலும், தனக்கோ பிறருக்கோ ஆபத்து இருக்கும் விஷயத்தில் அந்தச் சத்தியத்தைக் கொடுக்கக் கூடாது.

இதன் மறுபக்கமும் உண்டு. வலி இருந்தும் சிலர் குறிப்பிட்ட வேளையில் மார்பினை மறுப்பார்கள். பிடிவாதம் என்று குறிப்பில் எழுதிவிடுவோம். ஏன் என்று கேட்டால், அந்த வேளை அவர் பிரார்த்திக்கும் வேளையாக இருக்கும், மயக்கமில்லாத மனம் வேண்டும் என்பார். மருத்துவரிடம் பேசி வேளையை முன்பின்னாக மாற்றினால், வலியும் அடங்கும், பிரார்த்தனையும் நடக்கும்.

கட்டிலருகே என்ன சொல்வது?

சரி, உடம்பைப் பார்த்தாகிவிட்டது, வலி இல்லை, ஆனாலும் அவர் கேட்கிறார். என்ன செய்வது?

‘நீங்கள் எந்தப் பாவமும் செய்யவில்லை’ என்று முந்திக்கொண்டு சொல்லாதீர்கள். உங்களுக்கு எப்படித் தெரியும்? சிலருக்கு அது ‘எனக்கு ஏன் இந்த நோய்’ என்ற புலம்பல். சிலருக்கு உண்மையாகவே ஒரு தவறு, பெயரோடும் தேதியோடும் நெஞ்சில் உட்கார்ந்திருக்கும். இரண்டையும் பிரித்தறிய ஒரே வழி, “அப்படித் தோன்றுகிறதா சார்?” என்று கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டு காத்திருப்பது. அந்த மௌனம் பத்து நொடிதான் இருக்கும். செவிலியருக்கு அது பத்து நிமிடமாகத் தெரியும்.

ஒரு தச்சர் என்னிடம் “நான் திருடன், சிஸ்டர்” என்றார். அதெல்லாம் ஒன்றுமில்லை என்ற வார்த்தை நாக்கு நுனி வரை வந்தது, அடக்கிக்கொண்டேன். வேலை கற்றுக்கொடுத்தவரிடம் இரவல் வாங்கிய இழைப்புளியை முப்பது வருடமாகத் திருப்பிக் கொடுக்கவில்லையாம். அவரும் இறந்துவிட்டாராம். “அது இப்போது எங்கே இருக்கிறது?” என்று கேட்டேன். “பரண்மேல்.” மறுநாள் மகன் துண்டில் சுற்றிக் கொண்டுவந்தான். பிடியில் கைபட்டுப் பட்டு மரம் கறுத்து வழுவழுப்பாகியிருந்தது. தச்சர் அதைத் தடவிப் பார்த்துவிட்டு, குருவின் மகளுக்குச் சொல்லி அனுப்பச் சொன்னார். அந்த அம்மாள் வந்தார். வாங்கிக்கொண்டார். ‘மன்னித்தேன்’ என்றோ ‘பரவாயில்லை’ என்றோ சொல்லவில்லை. “அப்பா இதை ரொம்ப நாள் தேடினார்” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். எனக்குத் திக்கென்றது, இதைச் செய்திருக்கவே கூடாதோ என்று. தச்சர் அழுதார். அன்றிரவு மருந்தின் அளவு எதுவும் குறையவில்லை, அதேதான். ஆனால் விளக்கை அணைக்கச் சொன்னார். அதுவரை ஒரு நாளும் அணைக்க விட்டதில்லை.

நான் அங்கே செய்தது என்ன? அந்தப் பொருள் எங்கே என்று கேட்டேன். அதற்குமேல் எதுவும் இல்லை.

கேட்கத் தொடங்குவதற்குக் கருவிகளும் இருக்கின்றன. அமெரிக்க மருத்துவர் கிறிஸ்டினா புஹால்ஸ்கி 1996இல் உருவாக்கிய முறை நான்கு விஷயங்களைக் கேட்கச் சொல்கிறது: எதில் நம்பிக்கை அல்லது எது வாழ்வுக்குப் பொருள் தருகிறது, நோயைச் சமாளிப்பதில் அதற்கு எவ்வளவு முக்கியத்துவம், துணை நிற்கும் சமூகம் ஏதாவது உண்டா, சிகிச்சையில் நாங்கள் எதைக் கவனத்தில் கொள்ள வேண்டும். நல்ல சட்டகம். ஆனால் எடை, உயரம், மதம் என்று படிவத்தை நிரப்பும் தொனியில் கேட்டால் நோயாளியும் படிவத்துக்குரிய பதிலைத்தான் தருவார். ஹார்வி சாச்சினோவ் என்ற கனடிய மனநல மருத்துவர் ஒரே கேள்வியை முன்வைத்தார்: உங்களை நன்றாகக் கவனித்துக்கொள்ள, ஒரு மனிதராக உங்களைப் பற்றி நான் என்ன தெரிந்துகொள்ள வேண்டும்? எனக்கு இந்தக் கேள்வி மேல் தனிப் பிரியம். ‘நான் 31 வருடம் கரும்பலகையில் எழுதியவன், நடுங்காத கையெழுத்து’ என்று ஆசிரியர் சொல்லியிருக்கலாம். சொன்னால், நடுங்கும் கையை நீங்கள் வேறு மாதிரி பிடித்திருப்பீர்கள்.

நேரத்தைப் பற்றிக் கேட்டீர்கள். 14 பேருக்கு ஒருவர் என்பது அநியாயம், அதை ஆன்மிகத்தால் சரிக்கட்ட முடியாது. அது நிர்வாகம் தீர்க்க வேண்டியது. ஆனால் இதற்குத் தனியாக ஒரு மணி நேரம் வேண்டும் என்பது தவறான கணக்கு. வாயைத் துடைக்கும்போது, புரட்டிப் படுக்க வைக்கும்போது, ஊசி இறங்கும் அந்த இரண்டு நிமிடத்தில் நடப்பதுதான் பெரும்பாலும். முடிந்தால் உட்காருங்கள். அதே நிமிடங்களை நின்றுகொண்டு கொடுப்பதைவிட உட்கார்ந்து கொடுத்தால் நோயாளிக்கு அதிக நேரமாகத் தெரிகிறது, சில ஆய்வுகளிலும் இது தெரியவந்திருக்கிறது. போயே ஆக வேண்டும் என்றால், “நீங்கள் கேட்டது பெரிய விஷயம் சார். மூன்றாம் கட்டிலில் ஒரு மருந்து கொடுத்துவிட்டு வருகிறேன்” என்று சொல்லிவிட்டுப் போங்கள், சொன்னபடி திரும்பி வாருங்கள்.

நம்பிக்கை இல்லாமல் பிரார்த்திப்பது நடிப்பா?

உங்களுக்கு இல்லாத நம்பிக்கையை இருப்பதாகச் சொன்னால் நடிப்பு. அதைச் செய்ய வேண்டாம், நோயாளிகள் கண்டுபிடித்துவிடுவார்கள். ஆனால் உங்கள் முன் இருந்த வழிகள் இரண்டு அல்ல. “நீங்கள் பிரார்த்தனை செய்யுங்கள் சார், நான் பக்கத்தில் இருக்கிறேன்” என்று கையைப் பிடித்துக்கொண்டு மௌனமாக இருக்கலாம். அவருடைய புனித நூலிலிருந்து அவர் கேட்கும் பகுதியை வாசிக்கலாம். கண் தெரியாதவருக்கு வந்த கடிதத்தைப் படித்துக் காட்டுபவர் அந்தக் கடிதத்தை எழுதியவர் ஆகிவிடுவதில்லையே! ‘உங்கள் குருமாரில் யாரையாவது அழைக்கட்டுமா, உறவினர் யாருக்காவது போன் செய்யட்டுமா’ என்று கேட்கலாம். நோயாளியே கேட்டு, உங்களுக்கும் மனம் ஒப்பினால், அவருடைய வார்த்தைகளில் சேர்ந்து பிரார்த்திக்கலாம். மனம் ஒப்பாவிட்டால் மறுக்கவும் உரிமை உண்டு. மறுத்துவிட்டு நகர்ந்துபோவதில்தான் சிக்கல்.

இன்னொன்று. ஆட்டம் கண்ட நம்பிக்கை இந்த வேலைக்குத் தகுதிக் குறைவு என்று நினைக்கிறீர்கள். என் அனுபவத்தில், எல்லாவற்றுக்கும் பதில் வைத்திருக்கும் செவிலியர்தான் அதிகம் பேசிவிடுகிறார்.

வேலைக்கு ஆபத்து உண்டா?

சட்டமும் விதிகளும் நாட்டுக்கு நாடு, மருத்துவமனைக்கு மருத்துவமனை மாறும். உங்கள் மருத்துவமனையின் எழுத்துபூர்வமான விதியையும் உங்கள் நாட்டுச் செவிலியர் கவுன்சிலின் நடத்தை நெறிகளையும் முதலில் வாங்கிப் படியுங்கள். பிரிட்டனில் நடந்த இரண்டு நிகழ்வுகளை மட்டும் சொல்கிறேன், கோடு எங்கே விழுகிறது என்று தெரியும். வீடு வீடாகப் போய்க் கவனிக்கும் செவிலியர் ஒருவர் மூத்த நோயாளியிடம், ‘உங்களுக்காகப் பிரார்த்திக்கட்டுமா’ என்று தானாகக் கேட்டதற்காக 2008 இறுதியில் பணியிலிருந்து நிறுத்திவைக்கப்பட்டார். பெரிய விவாதம் எழுந்தது, 2009 தொடக்கத்தில் மீண்டும் பணிக்கு அழைக்கப்பட்டார். இன்னொருவர் அறுவைச் சிகிச்சைக்கு முந்தைய மதிப்பீட்டுப் பிரிவில் இருந்தவர். நோயாளிகளிடம் தன் மதத்தைப் பற்றிப் பேசுவதாகப் புகார்கள் வந்தன, நிறுத்தச் சொன்ன பிறகும் தொடர்ந்தார். 2016இல் வேலையை இழந்தார். அந்தப் பணிநீக்கம் நியாயமானதே என்று 2019இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் உறுதிசெய்தது.

முதல் நிகழ்வில் நிர்வாகம் அவசரப்பட்டது என்பது என் கருத்து. இரண்டாவதில் தீர்ப்பு சரி. அறுவைச் சிகிச்சையை எதிர்நோக்கிப் பயந்துபோய் உட்கார்ந்திருப்பவரால் செவிலியரை எதிர்த்து ‘வேண்டாம்’ என்று எளிதில் சொல்ல முடியாது. அந்தப் பலவீனத்தின் மேல் நின்று எதையும் விற்கக் கூடாது, சொர்க்கத்தையும்தான். நோயாளி தொடங்கி நீங்கள் பின்தொடர்ந்தால் ஆபத்து குறைவு. நீங்கள் தொடங்கினால், அதுவும் தடைசெய்த பிறகு தொடங்கினால், அதிகம்.

உங்கள் சக செவிலியர் செய்வதும் இந்தக் கோட்டுக்கு அப்பால்தான் விழுகிறது. நினைவிழந்தவரிடம் சம்மதம் பெற முடியாது. அவருக்குக் காது கேட்காது என்றும் நம்ப வேண்டாம். கனடாவில் மரணத்தறுவாயில் எந்த அசைவும் இல்லாமல் கிடந்த நோயாளிகளின் மூளை அலைகளைப் பதிவுசெய்தபோது, அவர்களில் சிலருடைய மூளை ஒலிகளுக்கு ஏற்ப வினையாற்றியது என்று 2020இல் வெளியான ஆய்வு காட்டியது. நமக்குத் தெரியாத ஒருவரின் காதில் அவர் ஏற்காத பிரார்த்தனையை ஓதுகிறோமோ என்ற சந்தேகமே போதும், நிறுத்திக்கொள்ள. மனதுக்குள் பிரார்த்திப்பதை யாரும் தடுக்க முடியாது. அவரிடம் தனியாக, தோழியாகப் பேசுங்கள். கெட்ட எண்ணத்தில் செய்பவர் அல்ல.

கண்காணிப்பாளரிடம் இரவுப் பணியின் நடுவில் வாதாட வேண்டாம். புகாரால் பயந்துபோய் அவர் எல்லாக் கதவையும் சாத்திவிட்டார். ஒரு பக்கத்தில் எழுதிக் கொடுங்கள்: யாரும் மதத்தைப் பரப்ப மாட்டோம். சேர்க்கைக் குறிப்பில் ‘உங்களைத் தாங்குவது எது, நாங்கள் மதிக்க வேண்டிய நம்பிக்கை உண்டா’ என்ற ஒரு வரி சேர்க்கலாமா? நோயாளி கேட்டால் அழைக்க, எல்லாச் சமயங்களையும் சேர்ந்தவர்களும் சமயம் சாராத ஆலோசகர் ஒருவரும் அடங்கிய தொலைபேசிப் பட்டியல் வார்டில் இருக்கலாமா? இதற்கு மறுப்புச் சொல்வது நிர்வாகத்துக்குக் கடினம்.

குறிப்பேட்டில் எழுதும்போது தேவையான அளவு மட்டும் எழுதுங்கள். ‘கடந்தகாலம் பற்றிய மன உறுத்தலைப் பகிர்ந்தார், மகனைப் பார்க்க விரும்புகிறார்’ போதும். இழைப்புளிக் கதை வேண்டாம். அந்தத் தாளைப் பத்துப் பேர் படிப்பார்கள்.

அக்காவும் தங்கையும்

முடியாது என்று அக்காவிடம் தெளிவாகச் சொல்லுங்கள். தங்கை விழித்திருக்கும்போது தன் நிலைப்பாட்டைச் சொன்னவர். தூங்கிவிட்டதால் அந்த வார்த்தை காலாவதியாகிவிடாது. நீங்கள் ‘கண்டுகொள்ளாமல்’ இருந்தால், ஏமாற்றியவர்களில் நீங்களும் ஒருவர் ஆவீர்கள். அது நெறிப் பிழை, புகார் வந்தால் உங்களைக் காப்பாற்ற யாரும் வர மாட்டார்கள்.

ஆனால் அக்காவை வில்லியாக்கிவிடாதீர்கள். தங்கை போகும் இடத்தைப் பற்றி அவருக்குப் பயம் இருக்கிறது. அவருடைய நம்பிக்கையில் இது சடங்கு அல்ல, மீட்பு. அவரும் உங்கள் பராமரிப்புக்குள் வருபவர்தான். குருவை வார்டுக்கு வெளியே, காத்திருப்பு அறையிலோ வேறு அமைதியான இடத்திலோ சந்தித்து அவர் பிரார்த்திக்கலாம். அதற்கு இடம் ஏற்பாடு செய்துகொடுங்கள். தங்கை இறக்கும் இரவில் அக்கா தனியாக நிற்காமலிருக்க அந்தக் குருவின் தொலைபேசி எண் உங்களிடம் இருப்பதும் நல்லது.

தங்கையிடம் கேட்க வேண்டியது இன்னும் மிச்சமிருக்கிறது. அவர் மறுத்துவிடுவார் என்று நீங்கள் இருவரும் முடிவுசெய்துவிட்டீர்கள். மறுக்கலாம். அக்காவுக்காக ஐந்து நிமிடம் பொறுத்துக்கொள்கிறேன் என்றும் சொல்லலாம், அப்படிச் சொன்ன நம்பிக்கையற்றவர்களை நான் பார்த்திருக்கிறேன். ‘தள்ளி உட்கார்ந்து மனதுக்குள் பிரார்த்திக்கட்டும், என்மேல் கைவைக்க வேண்டாம்’ என்றும் சொல்லலாம். எதுவானாலும் அவர் வாயிலிருந்து வர வேண்டும். அக்கா இல்லாத நேரம், மருந்தின் மயக்கம் தெளிந்த வேளையாகப் பாருங்கள். “உங்கள் அக்கா உங்களுக்காகப் பிரார்த்திக்க ஆசைப்படுகிறார். இந்தக் கட்டிலைச் சுற்றி எது நடக்கலாம், எது கூடாது என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும்” என்று கேளுங்கள். பிறகு பேச்சு மயக்கமாகிவிட்டாலும் அதே விருப்பம் மதிக்கப்படும் என்று சொல்லுங்கள். சொன்னதை அவர் வார்த்தையிலேயே குறிப்பில் எழுதி, மருத்துவருக்கும் அடுத்த பணிக்கு வருபவருக்கும் தெரியப்படுத்துங்கள்.

அப்படியே, அந்த ஜன்னலிலிருந்து என்ன தெரிகிறது என்றும் கேட்டுவிடுங்கள். கேட்கும்போது நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காருங்கள். சொட்டைப் பிறகு எண்ணிக்கொள்ளலாம்.